தோள் கனமும் மனச்சோர்வும்: ஃபேசியா கைச்சிகிச்சையா, மாத்திரையா, பேச்சா, நடையா?

"டாக்டர் மனச்சோர்வு என்கிறார். ஆனால் எனக்கு வலிப்பது கழுத்தும் தோளும்தான். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் ஃபேசியா சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். எதற்குப் போவது?" சொற்கள் சற்று மாறினாலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டேயிருக்கிறது. மதுரையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பிசியோதெரபி செய்து பிழைப்பவன் என்பதால், கைச்சிகிச்சையின் பக்கம் எனக்குச் சாய்வு இருக்க இடமுண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டு, அந்தச் சாய்வை முடிந்தவரை ஒதுக்கி வைத்து, ஃபேசியா எனும் தசையுறைக்கான கைச்சிகிச்சை, மாத்திரை, பேச்சு, உடலசைவு ஆகிய நான்கு வழிகளையும் இங்கே எடைபோட முயல்கிறேன்.

மனச்சோர்வு உள்ளவருக்கு உடம்பு வலிப்பது கற்பனையும் அல்ல, அரிதும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில், 14 நாடுகளில் நடத்திய ஆய்வின் தரவுகள் 1999இல் வெளியாயின. மனச்சோர்வு உறுதிசெய்யப்பட்ட 1,146 பேரில் 69 சதவீதத்தினர் மருத்துவரிடம் சொன்னது உடல் தொந்தரவுகளை மட்டுமே. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு", "நெஞ்சுல பாரமா இருக்கு", "பிடரியில யாரோ உக்காந்திருக்காப்ல இருக்கு" என்று நம் ஊரில் சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான செரடோனின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டும் மனநிலையில் பங்கு வகிப்பதோடு, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதையிலும் வேலை செய்கின்றன. அந்தப் பாதை தளர்ந்தால், நேற்றுவரை பொருட்படுத்தாமல் இருந்த இறுக்கம் இன்று வலியாகத் தெரியும். தூக்கம் கெட்டால் அது இன்னும் கூடும்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தீவிரம். வேலைக்குப் போக முடிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா என்பதைப் பார்க்காமல் மற்ற எதையும் ஒப்பிடுவது தவறு. இரண்டாவது, அந்தச் சிகிச்சை வலியை மட்டும் தொடுகிறதா, மனச்சோர்வையும் தொடுகிறதா, அதற்குச் சான்று எவ்வளவு என்பது. மூன்றாவது, நிம்மதி எப்போது தொடங்கி எவ்வளவு காலம் நிற்கிறது என்பது. நான்காவது செலவு: கட்டணத்தோடு போக்குவரத்து, விடுப்பு, கூட வருபவரின் நேரம் ஆகியவற்றையும் சேர்த்த முழுச் செலவு. ஐந்தாவதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. படுக்கையிலிருந்து எழுவதே மலையேறுவதாக இருக்கும் ஒருவரால் அந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்ய முடியுமா?

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை தேவை. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் டி, பி12 குறைபாடு ஆகியவை அசதியையும் உடம்பு வலியையும் மனத்தளர்ச்சியையும் ஒருசேரக் கொண்டுவரக்கூடியவை. தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு பார்க்காமலேயே பத்து சிட்டிங் மசாஜ் முடித்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, கை கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், நடக்கும்போது நெஞ்சுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் வழி: ஃபேசியா கைச்சிகிச்சை

கறிக்கடையில் ஆட்டுத் தொடையை அரியும்போது, சதையின்மேல் வெண்மையாக, கண்ணாடித் தாளைப்போல் ஒட்டியிருக்கும் சவ்வைப் பார்த்திருப்பீர்கள். ஃபேசியா என்பது அதுதான். தசை ஒவ்வொன்றையும், தசைக்குள் இருக்கும் இழைக் கட்டுகளையும் சுற்றி, தலைமுதல் கால்வரை அறுபடாமல் ஓடும் உறை அது. இந்த உறையின் இறுக்கத்தைக் கையால் தளர்த்த முயல்வதே மயோஃபேஷியல் ரிலீஸ் என்றும் ஃபேசியா தெரபி என்றும் அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஐடா ரோல்ஃப், பிரான்சில் டானி புவா எனப் பலர் தத்தம் முறைகளை வகுத்தார்கள். முறைக்கு முறை அழுத்தமும் வேகமும் மாறும்.

சாதாரண மசாஜிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதை ஒரு பிடியை வைத்துச் சொல்கிறேன். மல்லாந்து படுத்திருப்பவரின் மண்டையோட்டின் அடிவிளிம்பில், பிடரியின் இரு பக்கமும் என் விரல்நுனிகளை நிமிர்த்தி வைப்பேன். எண்ணெய் தடவுவதில்லை, தடவினால் கை வழுக்கிவிடும், உறையைப் பிடிக்க முடியாது. நான் எதையும் அழுத்துவதும் இல்லை. அவருடைய தலையின் எடையே விரல்களின்மேல் இறங்கும். முதல் நிமிடம் கழுத்து கல்லைப்போல் இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் விரல்நுனிக்கடியில் ஏதோ உருகுவதுபோலத் தளரும், மூச்சு ஆழமாகும், சிலருக்குக் கண்ணோரம் நீர் வழியும்.

இதற்குச் சான்று என்ன? ஜெர்மனியில் மனச்சோர்வுடன் மருத்துவமனையில் இருந்த 40 பேரின் கழுத்து, மேல்முதுகுத் திசுக்களை, மனச்சோர்வு வந்தேயிராத 40 பேரின் திசுக்களோடு ஒப்பிட்டு அளந்தபோது, முன்னவர்களுக்கு விறைப்பு கூடுதலாகவும் நெகிழ்வு குறைவாகவும் இருந்தன. அதே ஆய்வாளர்கள் 69 நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்குத் தாமே செய்துகொள்ளும் தசையுறைத் தளர்வுப் பயிற்சியை ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். அதைச் செய்தவர்களிடம் கசப்பான சொற்களையே நினைவில் பிடித்துக்கொள்ளும் சாய்வு குறைந்தது. மனநிலையும் சற்றுத் தெளிந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஆனால் ஒரே அமர்வு, அன்றைய விளைவு என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுத்து நீட்டக்கூடாது. மனச்சோர்வு இதனால் குணமாகும் என்று அது சொல்லவில்லை.

ஸ்பெயினில் ஃபைப்ரோமயால்ஜியா என்ற, உடம்பெங்கும் நீடிக்கும் வலிநோய் உள்ளவர்களுக்கு 20 வாரங்கள் மசாஜும் மயோஃபேஷியல் ரிலீஸும் சேர்த்துக் கொடுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சிகிச்சை முடிந்தபோதும் ஒரு மாதம் கழித்தும் வலி, பதற்றம், தூக்கம், வாழ்க்கைத்தரம் ஆகியவை ஒப்பீட்டுக்காகப் பாவனைச் சிகிச்சை (சிகிச்சைபோலத் தோன்றும், ஆனால் உண்மையான சிகிச்சை அல்லாத ஒன்று) பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தூக்கத்தில் மட்டுமே வேறுபாடு எஞ்சியிருந்தது. என் அனுபவமும் இதையே ஒட்டிப்போகிறது. கை எடுத்த பிறகு பலன் சில நாளோ சில வாரமோ நிற்கும். அந்த இடைவெளியில் வேறெதையும் தொடங்காவிட்டால் இறுக்கம் திரும்பிவிடும்.

"சவ்வு ஒட்டிக்கிடக்கிறது, பிரித்து விடுகிறோம்" என்று சிகிச்சையாளர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உள்ளங்காலிலும் தொடையின் வெளிப்புறத்திலும் உள்ள கெட்டியான ஃபேசியாவைச் சற்றே நீட்டுவதற்குக்கூட மனிதக் கையின் இயல்பான விசை போதாது என்று 2008இல் வெளியான கணித மாதிரி ஆய்வு ஒன்று காட்டியது. அதை எழுதியவர்களில் ஒருவர் ஃபேசியா ஆராய்ச்சியின் முன்னோடியான ராபர்ட் ஷ்லைப். அப்படியானால் தளர்வது எதனால்? ஃபேசியாவிலும் தோலிலும் நெருக்கமாக உள்ள உணர்நரம்புகள் மெதுவான அழுத்தத்தை மூளைக்குச் சொல்ல, மூளை தசையின் முறுக்கைக் குறைக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். இது தெரிந்தால், எலும்பு நோக அழுத்தினால்தான் பலன் என்ற எண்ணம் போய்விடும்.

மறைசெலவுகளைப் பார்ப்போம். ஒரு சிட்டிங்குக்கு 800 ரூபாய், ஆட்டோவுக்குப் போக வர 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் இரண்டு வீதம் ஆறு வாரத்துக்கு 12,000 ரூபாய் ஆகிறது. மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை இத்தகைய புறநோயாளர் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. முன்பணமாகப் பத்து, இருபது சிட்டிங் கட்டச் சொல்லும் இடங்களில், நான்கு சிட்டிங்குக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். இவற்றைவிடப் பெரிய செலவு காலம். வாரந்தோறும் ஒரு நாள் நிம்மதி கிடைக்கிறது என்பதற்காக, மருத்துவரிடம் போகவேண்டிய ஆறு மாதம் கைநழுவிப் போகலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், காலில் ரத்தக்கட்டு இருந்தவர்கள், எலும்புத் தேய்வு முற்றியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்காமல் இதற்கு வரக்கூடாது. உடல்வழி வன்முறைக்கோ பாலியல் அத்துமீறலுக்கோ ஆளானவர்களுக்குத் தொடுகையே பழைய அச்சத்தைக் கிளப்பிவிடக்கூடும். எங்கே கை வைக்கப்போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி, வேண்டாம் என்றால் உடனே கையை எடுப்பவரிடம் மட்டுமே போங்கள்.

சித்த மருத்துவத்தின் தொடுசிகிச்சையான தொக்கணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகைத் தொடுமுறைகளைச் சித்த மருத்துவம் வகுத்து வைத்திருக்கிறது. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செய்துகொள்வதை ஃபேசியா சிகிச்சைக்கு இணையான ஒரு தேர்வாகவே, அதே நிபந்தனைகளோடு, நான் கருதுகிறேன். ஆனால் சலூனில் தலையைத் தட்டி முடித்துக் கழுத்தைப் படக்கென்று நெட்டி முறிப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இரண்டாம் வழி: மாத்திரை

நடுத்தரமும் அதற்கு மேலுமான மனச்சோர்வுக்கு மருந்துக்கு இருக்கும் சான்று கைச்சிகிச்சைக்கு இல்லை. வலியும் சேர்ந்திருப்பவர்களுக்கு மனநல மருத்துவர்கள் டுலாக்செட்டின் போன்ற மருந்தைத் தேர்வதற்குக் காரணம், அது செரடோனின், நார்அட்ரினலின் இரண்டின்மேலும் வேலை செய்வதுதான். அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு அதை 2004இல் மனச்சோர்வுக்கும், 2008இல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும், 2010இல் நாட்பட்ட தசை, எலும்பு வலிக்கும் அனுமதித்தது. மற்றொரு மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினும் வலிக்கும் தூக்கத்துக்கும் உதவும். ஆனால் வாய் உலர்வு, மலச்சிக்கல், மந்தம் கூடுதல். முதியவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் அதில் கவனமாக இருக்க வேண்டும்.

மாத்திரைச் சீட்டில் தெரியாத செலவுகளும் உண்டு. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குமட்டலும் தலைச்சுற்றலுமோ முதல் வாரத்திலேயே வரும். இந்தத் தலைகீழ் வரிசையை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் பத்தாவது நாளில் நிறுத்திவிடுகிறார்கள். தாம்பத்திய நாட்டம் குறைவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே நிறுத்துபவர்களும் உண்டு. சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வலிக்காரர்களுக்கென்றே தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை இந்த மருந்துகளோடு சேர்த்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் செரடோனின் அளவு மீறி ஆபத்தாகலாம். என்னென்ன வலி மாத்திரை போடுகிறீர்கள் என்பதை மனநல மருத்துவரிடம் அட்டையோடு காட்டுங்கள். பணம்தான் தடை என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இலவச மருந்தும் இருக்கின்றன.

மூன்றாம் வழி: பேச்சுவழிச் சிகிச்சை

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு நம் நாட்டுக்கு மிக முக்கியமானது. மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத, பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில், கைவிட்ட அன்றாடச் செயல்களை மீண்டும் தொடங்க வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் வந்தவர்களில் 64 சதவீதத்தினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினரும் நோய்க்குறியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். அதுவும் கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்கள்.

பேச்சு வலியை நேரடியாகத் தொடாது. வலியைப் பற்றிய பயத்தையும், வலிக்குமோ என்று முடங்குவதையும் தொடும். இதன் மறைசெலவு, சரியான ஆளைக் கண்டுபிடிக்கும் அலைச்சல். சிறு ஊர்களில் தமிழில் பேசும் பயிற்சி பெற்றவர் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் "அவர் பைத்தியக்கார டாக்டரிடம் போகிறார்" என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் தொலைபேசிவழி மனநலச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416 தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் அடிக்கு அது போதும்.

நான்காம் வழி: உடலசைவு

நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்கின்றன என்பதை 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் தொகுத்த 2024ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகிறது. தனித்தனி ஆய்வுகளின் உறுதி குறைவு என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் வலி, தூக்கம், சர்க்கரை என்று மற்ற பலன்களையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாருடைய திட்டத்திலும் அடித்தளமாக இருக்கவேண்டியது இதுதான் என்பது என் முடிவு. பணச்செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் ஐந்தாம் அளவுகோலில் இது தோற்கிறது. எழவே முடியாதவரிடம் "ஒரு மணி நேரம் நட" என்பது கொடுமை. முதல் வாரம் தெருமுனைவரை போய்த் திரும்பினால் போதும் என்று தொடங்க வேண்டும்.

ஒரு பார்வையில்

| | நிம்மதி தொடங்குவது | நிற்பது | மறைசெலவு |
|---|---|---|---|
| ஃபேசியா கைச்சிகிச்சை | அன்றே | நாட்கள், சில வாரங்கள் | முன்பணம், பயணம், கைநழுவும் மாதங்கள் |
| மாத்திரை | 2 முதல் 6 வாரம் | தொடரும்வரை, பலருக்கு அதன் பிறகும் | ஆரம்பக் குமட்டல், வலி மாத்திரையோடு மோதல் |
| பேச்சு | 3, 4 அமர்வுகளுக்குப் பின் | மாதக்கணக்கில் | ஆள் தேடும் அலைச்சல் |
| உடலசைவு | மனநிலை அன்றே, வலி வாரங்களில் | செய்யும்வரை | தொடங்குவதற்கான மனபலம் |

யாருக்கு எது முதலில்

சாவைப் பற்றிய எண்ணம், சாப்பாடு இறங்காமை, நாட்கணக்கில் தூக்கமின்மை ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரே முதல், அன்றே. என்னைப் போன்றவர்களிடம் அப்போது வர வேண்டாம். வந்தால் நாங்கள் அனுப்பி வைக்க வேண்டும்.

நடுத்தரமான மனச்சோர்வும் தெளிவான கழுத்து, தோள் இறுக்கமும் சேர்ந்திருந்தால் மாத்திரையோ பேச்சோ ஒன்றைத் தொடங்கிவிட்டு, அதன் பலன் வரும்வரையிலான நான்கைந்து வாரத்துக்குக் கைச்சிகிச்சையை வைத்துக்கொள்வது மிகப் பொருத்தமானது. மருந்து மெதுவாக வேலை செய்யும் அந்த வாரங்களில் கைச்சிகிச்சையின் நிம்மதி, நோயாளி மருந்தைக் கைவிடாமல் இருக்க உதவும். இலேசான சோர்வுதான், வேலை நடக்கிறது, உடம்பு மட்டும் கட்டிப்போட்டாற்போல் இருக்கிறது என்பவர்கள் நடையையும் நான்கு சிட்டிங்கையும் ஒன்றாகத் தொடங்கிப் பார்க்கலாம். மருந்தே வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும், மனநோய் என்ற சொல்லுக்கே அஞ்சுபவருக்கும் கைச்சிகிச்சை ஒரு நுழைவாயிலாக அமையும். உள்ளே வந்தவரை அடுத்த அறைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு.

அந்தப் பொறுப்பில் நானே தவறியிருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய தையல்காரப் பெண் ஒருவர் கழுத்துவலி என்று வந்தார். மிஷினில் குனிந்தே இருப்பதால் வரும் வலி என்று முடிவுகட்டி இரண்டு சிட்டிங் முடித்துவிட்டேன். மூன்றாவது முறை, தலை என் விரல்களில் இருக்கும்போது, "தூக்கம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "மூணு மணிக்கு முழிப்பு வந்துருது சார். அப்புறம் விடியிற வரைக்கும் விட்டத்தப் பாத்துக்கிட்டே கெடப்பேன்" என்றார். ஆர்வம் குறைந்துவிட்டதா, மனம் கலங்கிக் கிடக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை முதல் நாளே கேட்டிருந்தால் போதும். மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து அந்த இரண்டும் என் முதல்நாள் தாளில் அச்சாகியிருக்கின்றன.

நான்கு சிட்டிங் என்று நான் வரையறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நாளும் இரவில் வலிக்கு பத்துக்கு எத்தனை, தூங்கியது எத்தனை மணி, அன்று செய்த வேலை ஒன்று என மூன்றை மட்டும் காலண்டர் தாளில் குறித்து வாருங்கள். நான்காவது சிட்டிங்குக்குப் பின் வலி எண்ணில் இரண்டு புள்ளியாவது குறையவில்லை என்றாலோ, வலி குறைந்தும் தூக்கமும் வேலையும் அப்படியே இருந்தாலோ, ஐந்தாவதுக்குக் காசு கட்டாதீர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

தையல்காரப் பெண்ணை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன். மாத்திரை எடுத்த முதல் மாதம் வாரம் ஒருமுறை என்னிடமும் வந்தார். பிறகு வருவதை நிறுத்தச் சொன்னது நான்தான். பழைய காலுறைக்குள் டென்னிஸ் பந்து ஒன்றைப் போட்டு முடிந்து, சுவருக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபடி மெதுவாகச் சாயக் கற்றுக்கொடுத்திருந்தேன். அந்தக் காலுறை இப்போது அவருடைய தையல் மிஷினின் கைப்பிடியில் தொங்குகிறது. இரண்டு ரவிக்கைக்கு ஒருமுறை எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டு வருவதாகச் சொன்னார்.